எட்டில் ஒரு அங்குலம்



ஒரு ஜீப்பை நான்கு அங்குலம் உயர்த்துவதற்கு ஒரு பகற்பொழுது போதும். உயர்த்தப்பட்ட பின் அது சாலையில் நேராக ஓடும்படி செய்வதற்குச் சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. இவ்வாரம் உங்களோடு பேச விரும்புவது இந்த இரண்டாவது வேலையைப் பற்றியே. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, உயரமான வண்டிகளைச் சுற்றி நம் வாலிபர்கள் நிற்பதையும், தாய்மார் சற்றுத் தள்ளி நின்று கவலையோடு பார்ப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். இரு சாராருக்கும் சொல்ல வேண்டியது சில உண்டு.

நாம் குடியிருக்கும் கொலராடோவில் இந்த ஆசை எளிதில் பற்றிக்கொள்ளும். மேற்கே ஒரு நாள் பயணத்தில், யூட்டா மாநிலத்தின் சிவந்த பாறைகளுக்கு நடுவே, நம் வேதாகமத்தில் வாசிக்கும் மோவாப் என்னும் பெயரையே தாங்கிய சிற்றூர் இருக்கிறது. 1967 முதல் அங்கே ஆண்டுதோறும் ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடைபெறுகிறது. முதலில் ஒரே நாள் பயணமாகத் தொடங்கியது. இப்போது ஈஸ்டருக்கு முந்தைய நாள்கள் முழுவதும் நடக்கிறது. பரிசுத்த வாரத்தில் ஒரு போதகனால் எங்கும் போக முடியாது என்பதால் நான் அதைக் கண்டதில்லை. போய்வந்தவர்கள் காட்டிய படங்களைக் கண்டிருக்கிறேன். செங்குத்தான பாறையில் ஒரு சக்கரம் ஆகாயத்தில் நிற்க, மற்ற மூன்றும் பற்றிக்கொண்டு ஏறும் வண்டிகள் அவை. அப்படி ஏறுவதற்குப் பெரிய டயர் வேண்டும்; பெரிய டயருக்கு இடம் வேண்டும்; அந்த இடத்திற்காகவே வண்டியை உயர்த்துகிறார்கள்.

உயர்த்துவதில் தவறில்லை. உயர்த்தினால் என்னவெல்லாம் இடம்பெயர்கிறது என்பதை அறியாதிருப்பதே ஆபத்து.

பழைய ஜீப்புகளில் வில்பட்டைகள் இருந்தன. நம் ஊர் லாரிகளில் இருப்பவையே. பட்டை பாரத்தையும் சுமக்கும். ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராதபடி அதன் இடத்தில் பிடித்தும் வைக்கும். ஒரே பொருள் இரண்டு ஊழியங்களைச் செய்தது. 1997-ஆம் ஆண்டு மாடலாக வந்த டி.ஜே. ராங்ளரில் அந்தப் பட்டைகள் நீங்கி, காயில் ஸ்ப்ரிங்குகள் வந்தன. காயில் ஸ்ப்ரிங் மேடு பள்ளங்களில் மென்மையாக நடக்கும். ஆனால் அதற்குப் பாரம் சுமக்க மட்டுமே தெரியும், பிடித்து நிறுத்தத் தெரியாது. ஆகவே முன் ஆக்ஸிலைச் சட்டத்தோடு பிணைக்க நான்கு கம்பங்கள் வைத்தார்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. இவற்றையே கன்ட்ரோல் ஆர்ம் என்கிறோம். புயம் என்று நம் மொழியில் சொன்னாலும் பொருந்தும். ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடிவிடாதபடி குறுக்கே ஒரு ட்ராக் பார் உண்டு. ஆக மொத்தம் ஐந்து பிடிகள்.

இந்தப் புயங்கள் பின்னே சட்டத்தில் தொடங்கி, முன்னோக்கிச் சென்று ஆக்ஸிலைப் பிடிக்கின்றன. வண்டியை உயர்த்தும்போது ஆக்ஸில் சட்டத்தைவிட்டுக் கீழே இறங்குகிறது. புயத்தின் நீளமோ மாறுவதில்லை. கதவைப் போல ஒரு முனை நிலைத்திருக்க, மறுமுனை வளைவாகச் சுற்றுகிறது. ஆகவே ஆக்ஸில் கீழிறங்குவதோடு சற்றுப் பின்னாலும் இழுக்கப்படுகிறது. அது மட்டுமல்ல, மேலும் கீழும் உள்ள புயங்கள் ஒரே சாய்வில் இல்லாததால், கீழ்ப்பகுதி அதிகமாய்ப் பின்னே போய் ஆக்ஸில் முன்னோக்கி உருண்டுவிடுகிறது. கண்ணுக்கு இது தெரியாது. நிற்கும் வண்டி அழகாகவே நிற்கும்.

இந்த உருளலில் இழக்கப்படுவது காஸ்டர் என்னும் கோணம். சைக்கிளின் முன் கவட்டையைப் பாருங்கள். அது செங்குத்தாக இராமல், மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். சிறுவயதில் கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டியவர்கள், கடிந்துகொள்ளப்பட்டவர்கள் உட்பட, யாவரும் அனுபவித்தது இந்தச் சாய்வின் நன்மையைத்தான். சக்கரம் தானாகவே நேருக்குத் திரும்பும். டி.ஜே. ராங்ளருக்குத் தொழிற்சாலை குறித்த காஸ்டர் ஏறக்குறைய 7 டிகிரி. அது குறையக் குறைய ஸ்டியரிங் தன் நேரை மறந்துபோகும். திருப்பிய பின் தானாகத் திரும்பி வராது. நெடுஞ்சாலையில் வண்டி இடமும் வலமும் அலையும். ஓட்டுபவர் கணந்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் நம் சபைச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய, அவர் மகனுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மகன் தான் உழைத்துச் சேர்த்த பணத்தில், ஏற்கெனவே நான்கு அங்குலம் உயர்த்தப்பட்ட பழைய டி.ஜே. ஒன்றை வாங்கியிருந்தான். அந்தத் தாய்க்குக் கிழமைக்கு நான்கு இரவுகள் மருத்துவமனையில் பணி. வீட்டிலிருந்த சிறிய கார் பனியில் மேடேறாது. ஆகவே பனிக்காலத்தில் இந்த ஜீப்பே அவரை ஏற்றிச்செல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாள் ஐசனோவர் சுரங்கத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், 11,000 அடிக்கு மேலிருந்து லாரிகளோடு லாரியாக வந்துகொண்டிருந்தபோது, முன் சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறியது. அடுத்த நொடி முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கிற்று. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. வேகம் வெகுவாகக் குறைந்த பின்னரே அது ஓய்ந்தது.

"ஐயா, அவன் உங்கள் பேச்சைக் கேட்பான். அந்த வண்டியை விற்றுவிடச் சொல்லுங்கள்" என்றார் சகோதரி.

மகனோ, "அங்கிள், அம்மா சொல்வது சரிதான். ஆனால் இதை இப்படியே இன்னொருவருக்கு விற்றால், அவர்களுக்கும் இதே நடக்குமே" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஊழியத்திற்கு வருமுன் சில ஆண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் கைகறுத்தவன் நான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

இந்த உதறலுக்கு ஜீப் ஓட்டுபவர்கள் இங்கே 'டெத் வாபிள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயரே பயமுறுத்தும். பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில் தளர்வு இருக்கும். ஒரு மேடு அதைத் தட்டியெழுப்பும். அதன் பின் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். தம்பி வண்டியை ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருந்தான். அவர்கள் ஸ்டியரிங் டாம்பரைப் புதிதாக மாற்றிக் கணிசமான தொகையை வாங்கியிருந்தார்கள். டாம்பர் ஆட்டத்தை அமுக்குமேயன்றிக் குணமாக்காது. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வை போர்த்தி அனுப்பியதைப் போன்றது அந்த வைத்தியம். எனக்கு இதில் கோபமே வந்தது, ஏனெனில் சோதிக்கும் முறை மிக எளிது. சக்கரங்கள் தரையில் நிற்க, என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பின்மேலும் கண்ணையும் கையையும் வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது: ட்ராக் பார், ஆக்ஸிலைப் பிடிக்கும் முனையில் புஷ் தேய்ந்து துள்ளிக்கொண்டிருந்தது. உயர்த்தப்பட்ட வண்டிக்கு ஏற்ற, நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பாரை வாங்கிப் பொருத்தி, ஓட்டுநர் பக்கமாக விலகியிருந்த ஆக்ஸிலையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். உதறல் நின்றது.

சகோதரி நிம்மதியடைந்தார். மகன் மட்டும் சில நாள்களுக்குப் பின் தயங்கித் தயங்கி, "அங்கிள், ஆட்டம் இல்லை, ஆனால் வண்டி இன்னும் அலைகிறது" என்றான். பெரிய குறை நீங்கியதும் அதன் பின்னால் மறைந்திருந்த சிறிய குறை வெளிப்பட்டது. அளந்து பார்த்தோம். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 93.4 அங்குலம் இருக்க வேண்டும். இடப்பக்கம் 92¾, வலப்பக்கம் 92⅝. காஸ்டர் மூன்றரை டிகிரி. ஆக்ஸில் அருகே, கீழ்ப்புயத்தின் போல்ட்டில் தொழிற்சாலை வைத்த கேம் வட்டுகள் உண்டு. அவற்றைத் திருப்பிச் சிறிது சரிசெய்யலாம். அவை ஏற்கெனவே கடைசிவரை திருப்பப்பட்டிருந்தன. வண்டியை உயர்த்தியவர்கள் பழைய புயங்களையே விட்டுவிட்டு, கேம் தந்ததை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நீளம் மாற்றக்கூடிய நான்கு புயங்களை மகன் வாங்கினான். வேலையில் முதல் விதி: ஒரு நேரத்தில் ஒரு புயம் மட்டும். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்ஸில் தன் விருப்பப்படி உருண்டுவிடும். பின்பு அதைத் துளைக்கு நேராகக் கொண்டுவர ஒரு பகல் போய்விடும். முந்தின இரவே ஒவ்வொரு போல்ட்டிலும் துரு நீக்கும் எண்ணெய் அடித்துவைக்கச் சொல்லியிருந்தேன். நம் சாலைகளில் பனிக்காலத்தில் தெளிக்கும் உப்புக் கரைசல், போல்ட்டைப் புஷ்ஷின் உட்குழாயோடு ஒன்றாக்கிவிடும். அப்படியிருந்தும் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் போயிற்று.

புதிய புயங்களைத் தரையில் அருகருகே வைத்து, போல்ட் துளையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, இடமும் வலமும் சமமாக்கிக்கொண்டோம். மேல்புயங்களை நீட்டியபோது ஆக்ஸில் முன்னே தன் இடத்திற்கு வந்தது. காஸ்டரை மீட்பது கீழ்ப்புயங்களின் வேலை. அவற்றை நீட்ட நீட்ட ஆக்ஸிலின் அடிப்பகுதி முன்னே தள்ளப்பட்டு, மேற்பகுதி பின்னே சாய்ந்து, இழந்த கோணம் திரும்பி வரும். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு வரும்? மேலும் கீழும் உள்ள பிடிப்புகளுக்கு இடையே ஏழெட்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு அங்குலம் நீட்டினாலே ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும். மரையில் சில சுற்றுகள்தான். இவ்வளவு பெரிய இரும்பு வண்டியின் நடத்தை, ஒரு விரல்நகத்தின் அகலத்தைவிடச் சிறிய அளவில் தீர்மானிக்கப்படுகிறது என்பதை நான் எத்தனை முறை கண்டாலும் வியப்பு குறைவதில்லை.

நாங்கள் 7 டிகிரிக்கே கொண்டுபோனோம், புத்தகத்தில் உள்ளபடி. மகன் ஓட்டிப்பார்த்துவிட்டு முகமலர்ச்சியோடு வந்தான். ஸ்டியரிங் விட்டவுடன் நேருக்குத் திரும்பியது. ஆனால் 55 மைல் வேகத்தைத் தாண்டியதும், தரைக்கு அடியிலிருந்து ஒரு முழக்கம். கேட்பதைவிட உணர்வதுதான் அதிகம். பாதங்களின் வழியே ஏறும்.

இங்கேதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருக்கும் கவடுகளும், நடுவிலுள்ள பினியனும் ஒரே ஆக்ஸிலோடு அசையாமல் இணைந்தவை. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பியே தீரும். காஸ்டர் ஏறும்போது பினியனின் மூக்கு தரையை நோக்கித் தாழ்கிறது. மேலே கியர்பெட்டியின் பக்கமிருந்து இறங்கி வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோ, பினியன் தன்னை நோக்கி நேராக நிமிர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது, ஏனெனில் அதன் கீழ்முனையில் இருப்பது ஒற்றை ஜாயின்ட். அது அதிகக் கோணத்தைச் சகிக்காது. தொழிற்சாலை உயரத்தில் இரண்டு விருப்பங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே நிறைவேறின. உயர்த்தியபின் இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. மேலும், இந்த வண்டியில் முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், நான்கு சக்கர இயக்கத்தில் இல்லாதபோதும். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று, நான்கு முறை சுற்றிவிடும். ஆகவே கோணம் தவறினால் நெடுஞ்சாலை முழுவதும் அது முறையிட்டுக்கொண்டே வரும். நாளடைவில் ஜாயின்ட்டும் தேய்ந்துபோகும்.

கவடுகளை அறுத்து, திருப்பி, மறுபடி வெல்டிங் செய்து இரண்டையும் முழுமையாகப் பெறலாம். அதற்கென்று தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு இந்தக் குடும்பத்திடம் வழியில்லை. ஆகவே பங்கிட வேண்டியிருந்தது. எட்டில் ஒரு அங்குலம் குறைத்தோம், ஓட்டினோம். பிறகு அதிலும் பாதி. ஐந்தரை டிகிரியில் முழக்கம் ஏறக்குறைய அடங்கியது, 65 மைலுக்கு மேல் மெல்லிய சாயல் மட்டும். ஸ்டியரிங் முன்போல் துள்ளித் திரும்பவில்லை, ஆயினும் தயக்கமின்றித் திரும்பியது. "புத்தகத்தில் ஏழு என்று இருக்கிறதே, அங்கிள்" என்றான் மகன், சற்றுக் குறையோடு. புத்தகம் எழுதப்பட்டபோது இந்த வண்டி நான்கு அங்குலம் தாழ்வாக இருந்தது, தம்பி, என்றேன்.

இறுக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் கற்றவர்களும் இதைக் கவனிப்பதில்லை. ரப்பர் புஷ்ஷின் உட்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; அசைவெல்லாம் ரப்பரின் முறுக்கலில்தான் நடக்கும். வண்டி ஜாக்கியின்மேல் தொங்கும்போது இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கிய நிலையையே தன் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். கீழே இறக்கியவுடன் அது முறுக்கப்பட்டு, ஓடும் மைல் முழுவதும் முறுக்கிலேயே இருந்து, கொஞ்சநாளில் கிழிந்துபோகும். ஆகவே போல்ட்டுகளை விரலிறுக்கமாக விட்டு, வண்டியைத் தன் சக்கரங்களில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டி, அது தன் பாரத்தைத் தானே தாங்கி நிலைத்த பின்புதான், கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கீழே படுத்துச் செய்யும் வேலை; இடம் நெருக்கடியானது; தொங்கவிட்டே இறுக்கிவிடத் தோன்றும். பொறுத்துச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்து வீல் அலைன்மென்ட் செய்த பின், சகோதரியே ஓட்டிப்பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்தான், நான் பின்னால். நெடுஞ்சாலையில் ஏறும்போது அவர் கைகள் ஸ்டியரிங்கை நெரித்தன. நான் எதுவும் சொல்லவில்லை. பாலத்தின் இணைப்பு மேட்டை வண்டி கடந்தது, ஒன்றும் நிகழவில்லை. இரண்டாவது மேட்டுக்குப் பின் அவர் தோள்கள் இறங்கியதைக் கண்டேன். திரும்பி வந்ததும், "விற்க வேண்டாம். ஆனால் நீ அறுபதுக்கு மேல் போகக் கூடாது" என்றார் மகனிடம். அவன் தலையசைத்தான். அவனுக்கு அந்த மெல்லிய முழக்கம் நினைவுக்கு வந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

உயர்த்தப்பட்ட வண்டி வைத்திருப்போரும் வாங்க நினைப்போரும் சிலவற்றைக் கேட்டறியுங்கள். உயர்த்தியபோது புயங்கள் மாற்றப்பட்டனவா? காஸ்டர் இப்போது எத்தனை டிகிரி? அலைன்மென்ட் அறிக்கைத் தாளில் அது இருக்கும், கேட்டு வாங்குங்கள். ட்ராக் பாரின் இரு முனைகளிலும் தளர்வு உண்டா? சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. வேறொருவர் வண்டியில் புயத்தின் நீளம் என்ன என்று கேட்டு அதையே வைத்துவிடாதீர்கள். ஸ்ப்ரிங்கின் உயரமும் அதன்மேல் ஏறிய பாரமும் வண்டிக்கு வண்டி வேறுபடும்.

தம்பி, நான்கு புயங்களின் நீளத்தையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்கிறான். 500 மைல் ஓடியதும் லாக் நட்டுகளைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். இப்போது 380 ஆகியிருக்கிறது. இந்த வாரத்து இரவுப் பணிகளோடு கணக்கு நிறைந்துவிடும். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார்கள். வேறு எவருக்கேனும் பார்க்க வேண்டியிருந்தால் அன்றே கொண்டுவாருங்கள். சமதளமான காங்கிரீட் தரை ஒரு வண்டிக்கு மட்டுமே இருக்கிறது. ஆகவே முன்கூட்டியே எனக்குத் தெரிவியுங்கள்.